நாற்பத்தொன்றில் ஒருவர்

மாதத்தின் முதல் வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நடக்கும் கூட்டம் அது. எல்லோரும் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள். அந்த நேரத்தில் யார் என்ன சொன்னாலும் எடுபடாது என்பது மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். ஆறாம் வார்டின் தலைமைச் செவிலியருக்கும் தெரியும். இருந்தாலும் நோயாளிகள் பாதுகாப்புக்கென்று அந்தக் கூட்டத்தில்தான் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

அவளுக்குப் பத்தொன்பது வருடச் சர்வீஸ். வார்டைப் பார்ப்பது போதாதென்று இந்தப் பாதுகாப்புப் பொறுப்பையும் போன வருடம் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். நின்று மறுத்துப் பேச நேரமில்லாததால் சரியென்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வருடத்தில் நாற்பத்தொரு நோயாளிகள் வார்டுகளில் கீழே விழுந்திருந்தார்கள். கழிப்பறைப் பாதையில் சுவரோரம் கைப்பிடி வேண்டும், கட்டிலுக்குக் கட்டில் அழைப்பு மணி வேண்டும், ஷிப்ட் மாறும் நேரத்தில் கூடுதலாக ஓர் ஆள் வேண்டும். கேட்கவேண்டியது அவ்வளவுதான். அதைக் கேட்க அவள் முப்பத்து நான்கு ஸ்லைடுகள் தயார் செய்திருந்தாள்.

மூன்று வாரம் உட்கார்ந்து செய்தது. வயது வாரியாக, வார்டு வாரியாக, மாத வாரியாக அட்டவணைகள். எதையும் விட்டுவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் போட்டதில் எழுத்து எறும்பு ஊர்வதுபோல ஆகிவிட்டது. கூட்டத்தில் ஒவ்வொரு ஸ்லைடையும் திரையைப் பார்த்துத் திரும்பி நின்று வரி விடாமல் படித்தாள். ஐந்தாவது ஸ்லைடில் டைரக்டர் கைபேசியை எடுத்தார். ஏழாவதில் கணக்குத் துறைத் தலைவர் கண்ணை மூடினார். யோசிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒன்பதாவதில் டைரக்டர் நிமிர்ந்தார்.

"சிஸ்டர், இத மெயில்ல அனுப்பிடுங்க. நான் நிதானமா பாத்துக்கறேன்."

"சார், இன்னும் கொஞ்சம்தான்…"

"அனுப்பிடுங்கம்மா. அடுத்து என்ன, பார்க்கிங்கா?"

லேப்டாப்பின் ஒயரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். மெயில் அனுப்பினாள். அதை யாரும் திறக்கப் போவதில்லை என்று அனுப்பும்போதே தெரிந்தது. வார்டுக்குத் திரும்பியபோது மாடிப்படியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். காலையில் ஆறரை மணிக்குச் செருப்பில் நுழைத்த கால் வீங்கிப் போயிருந்தது.

வீட்டில் மூன்று பேர். அவள், அவள் கணவன், கணவனின் தங்கை. கணவன் நகரப் பேருந்து ஓட்டுநர். விடியலுக்கு முன்னால் முதல் வண்டியை எடுப்பவன், மாலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் விழுந்து கிடப்பான். நாத்தனார் தொடக்கப் பள்ளி ஆசிரியை. நாலாம் வகுப்பு. நாள் முழுவதும் கத்திவிட்டு வருவதால் வீட்டில் குரலே எழும்பாது. மூவரும் சேர்ந்து உட்காரும் நேரம் மாலை ஆறு மணி. அப்போது யாருக்கும் பேசத் தெம்பிருக்காது.

அன்று சாயங்காலம் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் லேப்டாப்பை வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இத அவங்க படிக்கணுமா, இல்ல நீங்க பேசறத கேக்கணுமா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டும் எப்படி முடியும்? நான் போர்டுல எழுதிக்கிட்டே பேசினா, எழுதறத ஒருத்தனும் பாக்க மாட்டான், பேசறத ஒருத்தியும் கேக்க மாட்டா. ஒரு தடவ எங்களுக்குப் போட்டுக் காட்டுங்களேன்."

சமையலறை மேசையில் நான்கு தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்தாள். கணவன் எதிரே உட்கார்ந்தான். முதல் ஸ்லைடில் தலையாட்டினான். இரண்டாவதில் தாடையைக் கையில் தாங்கினான். நாலாவது ஸ்லைடில் வாய் திறந்துகொண்டது.

"தூங்கிட்டீங்களா?"

"இல்லையே. வயசு வாரியா சொல்லிட்டு இருந்தே."

"அது முடிஞ்சு ரெண்டு ஸ்லைடு ஆச்சு."

நாத்தனார் சிரித்துவிட்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. பாவம், அந்த மனிதன் காலையிலிருந்து இருநூறு முறை பிரேக்கை மிதித்தவன். அவனை எழுப்பிப் படுக்க அனுப்பினாள். ஆனால் அன்றைக்கு ஒன்று புரிந்தது. டைரக்டரை விட நேர்மையான ஆள் வீட்டிலேயே இருந்தான். பிடிக்காததைப் பிடித்ததுபோல் நடிக்க அவனுக்குத் தெம்பில்லை.

அதிலிருந்து வாரத்தில் நாலு நாள் பழகினாள். வேலை முடித்து வந்து, முகம் கழுவி, அடுப்பில் ஏதாவது வேகும் நேரத்தில் லேப்டாப்பைத் திறப்பாள். அன்றன்றைக்கு அவன் எந்த ஸ்லைடில் கண்ணை மூடினான் என்பதைக் காலண்டரில் பென்சிலால் குறித்து வைத்தாள். நாலு, நாலு, ஐந்து, மூன்று. அவன் கண் மூடிய ஸ்லைடு எதுவோ அதை அழித்துவிடுவாள். இப்படி முப்பத்து நான்கு பதினெட்டானது.

குறைத்தது போதவில்லை என்று தோன்றியது. பார்க்கவும் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. எக்ஸ்ரே பிரிவில் ஒருவர் அழகாகச் செய்வார் என்று கேள்விப்பட்டு அவரிடம் போனாள். அவர் அரை மணி நேரத்தில் பின்னணிக்கு ஊதா நிறம் போட்டு, எழுத்துகள் பக்கவாட்டிலிருந்து பறந்து வரும்படி செய்து, வாழைப்பழத் தோலில் ஒரு மனிதன் வழுக்கி விழும் பொம்மையையும் ஒட்டிக் கொடுத்தார். அவளுக்கே அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனால் தெரிந்தவர் செய்து கொடுத்தது, குறை சொல்ல மனம் வரவில்லை.

இரண்டாவது கூட்டம். பொம்மை வழுக்கி விழுந்தது. அறை முழுக்கச் சிரிப்பு. கணக்குத் துறைத் தலைவர் கூடக் கண் விழித்துச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வர ஆரம்பித்தன. 'இடுப்பு எலும்பு முறிவு: ஆறு பேர்' என்ற வரி சுழன்று சுழன்று வந்து நின்றபோது அவளுக்கு உடம்பு கூசியது. அதற்கும் யாரோ ஒருவர் சிரித்தார்.

"நல்லாருக்கு சிஸ்டர். ரொம்ப கலரா இருக்கு," என்றார் டைரக்டர். "போன தடவைக்கு இது எவ்வளவோ மேல்."

"கைப்பிடி விஷயம் சார்…"

"பாக்கலாம் பாக்கலாம்."

அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் படுத்துவிட்டாள். நாத்தனார் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, என்ன ஆச்சு?"

"சிரிச்சாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான். எலும்பு ஒடஞ்சவங்கள வெச்சு நான்தான் வேடிக்கை காட்டியிருக்கேன்."

நாத்தனார் விளக்கைப் போடாமல் கட்டிலின் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய்ச் சமையலை அவளே பார்த்துக்கொண்டாள்.

ஒரு வாரம் லேப்டாப்பைத் தொடவில்லை. அந்த வாரத்தில் இரண்டாம் வார்டில் ஒரு பள்ளி வாகன ஓட்டுநர் விழுந்தார். கழிப்பறை வாசலில்தான். தலையில் ஐந்து தையல். அறிக்கைப் படிவம் அவள் மேசைக்கு வந்தது. வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுந்தவர் பெயர், நேரம், இடம். இடம் என்ற கட்டத்தை இதுவரை அவள் அட்டவணையில் சேர்த்ததே இல்லை. நாற்பத்தொரு படிவங்களையும் அலமாரியிலிருந்து இறக்கினாள்.

வார்டுகள் எல்லாம் ஒரே அமைப்பில் கட்டியவை. இரண்டு வரிசைக் கட்டில், நடுவில் பாதை, கோடியில் கழிப்பறை. பராமரிப்புப் பிரிவில் வரைபடத்தின் பிரதி ஒன்று வாங்கி வந்தாள். சிவப்புப் பேனாவால், யார் எங்கே விழுந்தார்களோ அங்கே ஒரு புள்ளி வைத்தாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். சிதறிக் கிடக்கும் என்று நினைத்த புள்ளிகள் வரிசையாகப் போயிருந்தன, கட்டிலிலிருந்து கழிப்பறைக் கதவு வரைக்கும். இருபத்தொன்பது புள்ளிகள் அந்த ஒரே பாதையில். அட்டவணையில் எத்தனை முறை பார்த்தும் தெரியாதது இப்போது எட்டடித் தூரத்திலிருந்தும் தெரிந்தது.

மிச்சமிருந்த பதினெட்டு ஸ்லைடுகளையும் அழித்தாள். வரைபடத்தைப் படம் பிடித்து அதை மட்டும் வைத்தாள். மேலே ஒரே வரி எழுதினாள்: 'கழிப்பறைக்குப் போகும் வழியில்தான் விழுகிறார்கள்.'

இந்த முறை வீட்டில் காட்டியபோது கணவன் கண்ணை மூடவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இது எங்க ரூட் மேப் மாதிரி இருக்கே."

நாத்தனார் திரையருகே குனிந்து கதவை ஒட்டியிருந்த ஒரு புள்ளியில் விரலை வைத்தாள். "அண்ணி, இந்தப் புள்ளி யாரு?"

அவள் பார்த்தாள். அது அவளுடைய ஆறாம் வார்டில் விழுந்தவருக்கு வைத்த புள்ளி.

"அவர் ஒரு தையல்காரர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணிக்க வந்தார். ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போகவேண்டியவர். மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், ஷிப்ட் மாறற நேரம். பாத்ரூம் போகணும்னு கூப்பிட்டார். அப்புறம் தானா எழுந்து போய், கதவுகிட்ட விழுந்துட்டார். இடுப்பு எலும்பு முறிஞ்சுபோச்சு. ரெண்டு மாசம் எலும்பு வார்டுல கெடந்தார்."

"அந்த நேரத்துல சிஸ்டர் யாரும் இல்லையா?" என்று கேட்டான் கணவன்.

"இருந்தாங்க. அஞ்சு நிமிஷம் இருங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. நாத்தனார் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகும் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான்," என்றாள்.

நாத்தனார் மெதுவாகச் சொன்னாள். "அண்ணி, இத்தன நாள் நீங்க காட்டினதுல இது ஒண்ணுதான் எனக்கு மறக்காது. இதத்தான் சொல்லணும்."

"அவரக் கேக்காம எப்படிச் சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தையல்காரரைத் தேடிப் போனாள். படிவத்தில் இருந்த விலாசம். இரும்புக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரே ஓர் அறைக்கான அகலத்தில் கடை. உள்ளே அவர் மனைவி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். தையல்காரர் சுவரோரம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நடப்பதற்கான நாலு கால் சட்டம் பக்கத்தில் இருந்தது.

சீருடை இல்லாததால் அடையாளம் தெரியாது என்று நினைத்தாள். எந்த மருத்துவமனை, என்ன வேலை என்று சொல்லிவிட்டு, அவருக்கு நடந்ததைக் கூட்டத்தில் சொல்ல அனுமதி வேண்டும் என்று கேட்டாள். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியங்கள். அவர் பட்டனைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"என் கதைய சொல்லி என்னம்மா ஆகப்போகுது?"

"கைப்பிடி வெக்கச் சொல்லிக் கேக்கறோம். இனிமே வர்றவங்களுக்கு."

"அதுக்கு நான் எதுக்கு? சுவரப் பாத்தாலே தெரியுமே."

அவர் சட்டையை மடித்து வைத்தார்.

"நான் எழுந்தேன்ல, அதப்பத்தி என்னன்னு எழுதி வெச்சிருக்காங்க?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. எழுதியது அவள்தான். ஒவ்வொரு எழுத்தும் ஞாபகம் இருந்தது. "நோயாளி அறிவுரையை மீறித் தானாக எழுந்தார்னு இருக்கு."

மெஷின் சத்தம் நின்றது. மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. துணியை ஊசிக்கடியில் பிடித்தபடியே இருந்தார்.

"மீறியா?" என்றார் தையல்காரர். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "எதிர்ச் சுவர்ல கடிகாரம் மாட்டியிருக்கும். அஞ்சு நிமிஷம் இருங்கன்னாங்க. பாத்துக்கிட்டே இருந்தேன். அஞ்சு ஆச்சு. ஏழு ஆச்சு. பதினோரு நிமிஷம்மா. அதுக்கு மேல முடியல. கட்டில்லயே நனைச்சுக்கறதுக்கு எனக்கு மனசு வரல. அம்பத்தாறு வயசு ஆம்பள. அதான் எழுந்தேன்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். இரும்புக் கடையில் யாரோ தகடு வெட்டும் சத்தம் கேட்டது.

"அந்த சிஸ்டர் நான்தான்," என்றாள்.

"தெரியும். வாசல்ல வந்து குரல் குடுத்தப்பவே தெரிஞ்சுது."

மனைவி மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். தையல்காரர் அடுத்த சட்டையை எடுத்தார். "சொல்லிக்கோங்க. பேரு வேண்டாம். ஆனா சொல்பேச்சு கேக்காம எழுந்தான்னு மட்டும் சொல்லாதீங்க. நான் கேட்டேன். சொன்னதுக்கு மேலயே ஆறு நிமிஷம் கேட்டேன்."

மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையை அசைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. மனைவி கடைசிவரை முகம் கொடுக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. ஸ்லைடுகள் ஐந்துதான் என்று முடிவு செய்தாள். முதலில் ஒரு வெள்ளைச் சுவர்க் கடிகாரம், ஆறாம் வார்டிலேயே எடுத்த புகைப்படம், எழுத்தே இல்லாமல். இரண்டாவது, புள்ளிகள் வைத்த வரைபடம். மூன்றாவது, அந்தப் பாதையின் புகைப்படம். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத வழவழப்பான சுவர். நாலாவது, ஷிப்ட் மாறும் நேரத்தில் வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர் என்று இரண்டே எண்கள், பெரிய எழுத்தில். ஐந்தாவது, கேட்கும் மூன்று விஷயங்கள். செய்து முடிக்க ஒரு மாலை நேரம் போதுமாக இருந்தது.

பேசுவதுதான் வரவில்லை. கடிகாரத்தைக் காட்டி ஆரம்பிப்பாள். தையல்காரரைப் பற்றிச் சொல்வாள். 'அஞ்சு நிமிஷம் இருங்கன்னு' என்ற இடத்துக்கு வந்ததும் அடுத்த சொல் வராது. முதல் நாள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள். இரண்டாம் நாள் வேகமாக மென்று முழுங்கினாள்.

"அண்ணி, அந்த எடத்துல என்ன சொன்னீங்கன்னே புரியல," என்றாள் நாத்தனார்.

"வேணும்னேதான்."

"அப்படின்னா 'ஒரு சிஸ்டர்'னு சொல்லிட்டுப் போயிடுங்களேன். பொய் இல்லையே. நீங்களும் ஒரு சிஸ்டர்தானே?"

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அன்று முழுவதும் அப்படியே சொல்லிப் பார்த்தாள். தடங்கலே இல்லை. தண்ணீர்போல ஓடியது. முடித்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் கைநகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். "ஒரு தடவ வளைவுல வேகமா பிரேக் போட்டேன். ஒரு அம்மா விழுந்துட்டாங்க. பல்லு போச்சு. 'பயணி கம்பியைப் பிடிக்கவில்லை'ன்னு எழுதிக் குடுத்தேன்."

"பிடிச்சிருந்தாங்களா?"

"பிடிச்சுட்டுதான் இருந்தாங்க."

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவன் இதைச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு எழுந்து குளிக்கப் போனான். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து 'நான்' என்று சொல்லிப் பழகினாள். வேலைக்குப் போகும் பேருந்தில் உதட்டுக்குள்ளேயே சொன்னாள். மருந்து வண்டியைத் தள்ளும்போது சொன்னாள். பாத்திரம் கழுவும்போது சத்தமாகவே சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னால் வலி மரத்துவிடும் என்று நினைத்தாள், மரக்கவில்லை. ஆனால் குரல் நடுங்கினாலும் வாக்கியம் முடியும் வரை நிறுத்தாமல் போக முடிந்தது. எங்கே மூச்சு விடவேண்டும், எங்கே திரையைப் பார்க்காமல் மனிதர்களைப் பார்க்கவேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதினோரு நாளில் தானாகப் படிந்தது. நாத்தனார் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து நேரம் பார்த்தாள். ஒன்பது நிமிடம் எட்டானது, எட்டு ஆறானது.

மூன்றாவது கூட்டம். சாப்பாட்டு மயக்கம் வழக்கம்போல அறையில் நிறைந்திருந்தது. ஏசி ஒழுகி ஒரு வாளி வைத்திருந்தார்கள். சொட்டுச் சத்தம் கேட்டது. அவள் கடிகாரப் படத்தைப் போட்டாள். எதுவும் எழுதாத படம் என்பதால் என்ன இது என்று டைரக்டர் நிமிர்ந்தார்.

"போன வருஷம் ஒருத்தர் இந்தக் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே பதினோரு நிமிஷம் காத்துக்கிட்டு இருந்தார்," என்று ஆரம்பித்தாள். தையல்காரர் என்று சொன்னாள், பெயர் சொல்லவில்லை. "பாத்ரூம் போகணும்னு கூப்பிட்டார். அஞ்சு நிமிஷம் இருங்கன்னு சொன்னாங்க. சொன்னது நான்."

குரல் உடைந்தது. ஆனாலும் நிற்கவில்லை. அவர் ஏன் எழுந்தார் என்று அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னாள். அறிக்கையில் தான் எழுதியது தவறு என்றாள். பிறகு வரைபடத்தைப் போட்டாள். கதவருகே இருந்த புள்ளியைக் காட்டி, "இது அவர்," என்றாள். மற்ற இருபத்தெட்டுப் புள்ளிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் தானாகவே அந்த வரிசையில் போய் வந்தது. ஐந்தாவது ஸ்லைடுக்கு வந்தபோது கைபேசி எதுவும் யார் கையிலும் இல்லை.

கணக்குத் துறைத் தலைவர்தான் முதலில் கேட்டார். "அந்த அஞ்சு நிமிஷத்துல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

இதற்கு அவள் பழகியிருக்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

"அடுத்த ஷிப்டுக்குக் குறிப்பு எழுதிட்டு இருந்தேன் சார். நாற்காலியில உக்காந்து. எழுந்து போயிருக்கலாம். கால் வலிச்சுது."

டைரக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வரைபடத்தை மறுபடி போடச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு வார்டுக்குக் கைப்பிடியும் மணியும் போட்டுடலாம். ரெண்டும், ஆறும். கூடுதல் ஆள் விஷயம் அடுத்த வருஷம் பேசலாம்."

"சார், கைப்பிடி இருந்தாலும் கூப்பிட்டா வர்றதுக்கு ஆள் வேணும்."

"புரியுது சிஸ்டர். அடுத்த வருஷம்."

இருப்பது எட்டு வார்டு. கேட்டது மூன்று, கிடைத்தது அரைகுறையாக இரண்டு. வெளியே வந்தபோது சந்தோஷப்படுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, கால் விரல்களை மடக்கி நீட்டினாள். அவ்வளவுதான் தோன்றியது.

மறுநாள் காலையில் செவிலியர் கண்காணிப்பாளரிடமிருந்து மெமோ வந்தது. அறிக்கையில் உண்மைக்கு மாறாக எழுதியதற்கு மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும். பக்கத்து வார்டுச் செவிலியர் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, நல்லா போயிட்டு இருந்ததுல நீங்களே எதுக்கு மாட்டிக்கிட்டீங்க? யாரு கேட்டா?"

"அவர் கேட்டார்."

"யாரு?"

"விடு. உனக்கு ரவுண்ட்ஸுக்கு நேரமாச்சு."

விளக்கத்தை அரைப் பக்கத்தில் எழுதினாள். நடந்ததை நடந்தபடியே. பழைய படிவத்தில் அந்த வரியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'அழைத்துவிட்டுப் பதினோரு நிமிடம் காத்திருந்தார்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். திருத்திய படிவத்தின் நகலைத் தையல்காரருக்குத் தபாலில் அனுப்பினாள். பதில் வரவில்லை. வரும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. சர்வீஸ் ஏட்டில் ஒரு கண்டிப்புக் குறிப்பு ஏறியது. நாத்தனார் அதைக் கேட்டு வீட்டில் கொதித்தாள். கணவன் அவள் கையிலிருந்த பையை வாங்கி வைத்தான்.

அந்த மாதம் மூன்று துறைகளிலிருந்து ஆள் வந்தார்கள். சிஸ்டர், உங்களுக்கு ஸ்லைடு நல்லா வருதாமே, எங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன் என்று. பார்க்கிங் விரிவாக்கத்துக்குக் கூட ஒருவர் கேட்டார். நேரமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லப் பழகியிருந்தாள். எக்ஸ்ரே பிரிவுக்காரர் மட்டும் வந்து எதுவும் கேட்காமல், "அந்த வாழைப்பழத் தோலு… மன்னிச்சுக்கோங்க சிஸ்டர்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஏழு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆறாம் வார்டுக்கு இரண்டு தொழிலாளிகள் எஃகுக் குழாய்களோடு வந்தார்கள். துளைபோடும் சத்தத்தில் வார்டே அதிர்ந்தது. நாலாம் கட்டில்காரர் காதைப் பொத்திக்கொண்டு திட்டினார். சுவரோரக் கட்டில்களில் தூசி படியாமல் துணி போர்த்தச் சொன்னாள். கைப்பிடியை எந்த உயரத்தில் பொருத்தவேண்டும் என்று அவர்கள் கொண்டுவந்த வரைபடத்தில் ஓர் எண் இருந்தது. பாதைச் சுவரை முடித்து, கழிப்பறைக்குள் கோப்பையை ஒட்டிய சுவரிலும் மூத்த தொழிலாளி அந்த எண்ணில் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தார்.

"இதுதான் சிஸ்டர் எல்லா எடத்துலயும் வெக்கற உயரம்."

"கொஞ்சம் இருங்க," என்றாள். சொன்னதும் அவளுக்கே அந்த வார்த்தை உறைத்தது. உடனே எழுந்தாள். கழிப்பறைக்குள் போய், மூடிய கோப்பையின் மேல் சீருடையோடு உட்கார்ந்தாள். இளைய தொழிலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயைச் சுவரில் வைத்துப் பிடித்தான். ஒரு கையால் பிடித்து எழுந்து பார்த்தாள். முழங்கை மடங்கவில்லை, தோள் இழுத்தது.

"வயத்துல தையல் போட்டவரால இப்படி எழ முடியாது. கீழ இறக்குங்க."

பதினொன்றாம் கட்டிலில் இருந்த கட்டையான மனிதரைக் கூப்பிட்டு, அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்காரவைத்தாள். எழச் சொன்னாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்தார். அவருக்கும் எட்டவில்லை. பிறகு ஆறடி உயரத்தில் இருந்த ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டாள். அவருக்கு முதல் கோடே சரியாக இருந்தது.

"ஒரு முடிவுக்கு வாங்க சிஸ்டர்," என்றார் மூத்தவர். சுண்ணக்கட்டிக் கோடுகள் சுவரில் நாலு ஆகியிருந்தன.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். முதுகு வலித்தது. குழாயைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

"இன்னும் ரெண்டு விரக்கடை கீழ," என்றாள். "ஆங், அங்கதான். போடுங்க."